"ரேம் ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

போன மாதம் ஒரே வாரத்தில் என் சர்வீஸ் மேசைக்கு இரண்டு லேப்டாப்கள் வந்தன. ஒன்று வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரியாமல் பளபளவென்று இருந்தது. இன்னொன்று 2018-இல் வாங்கியது. கீபோர்டில் நாலைந்து எழுத்து தேய்ந்து, மூடி முழுக்கக் கிரிக்கெட் ஸ்டிக்கர். இரண்டுக்கும் ஒரே புகார்: "ரொம்ப ஸ்லோ."

புதியதைக் கொண்டுவந்த அக்காவின் மகள் பி.காம். முதல் வருடம். ஆன்லைன் தள்ளுபடியில் இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். "தம்பி, ரேம் கூட்டிப் போட்டா சரியாயிடும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். எவ்வளவு ஆகும்?" என்றார். கீழ்மூடியைக் கழற்றினேன். ரேம் என்பது ஓடும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. அதைச் செருகும் ஸ்லாட்டே இல்லை. 4 ஜி.பி. ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. 64 ஜி.பி. ஸ்டோரேஜும் அப்படியே, போர்டில் ஒட்டிய இ.எம்.எம்.சி. சிப். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான ஸ்டோரேஜைச் செருக எம்.2 என்ற இடமும் கிடையாது. பிராசஸர் செலரான் என்4020, இரண்டே கோர், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்ய இரண்டே மூளை. மாற்றுவதற்கு அதில் பேட்டரியைத் தவிர ஒன்றும் இல்லை.

விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும்தான். அந்த லேப்டாப் சரியாக 35 மார்க் எடுத்துப் பாஸாகியிருக்கிறது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் உட்கார்ந்தபின் மீதியிருந்த இடத்தில் அடுத்த அப்டேட்டே இறங்கவில்லை. லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பேன், ஆனால் பெண்ணுக்கு டேலி வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும். தொடக்கத்திலேயே தானாக ஓடும் புரோகிராம்களை நிறுத்தி, படம், பாடம் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். நொண்டி நொண்டி ஓடுகிறது.

கிரிக்கெட் ஸ்டிக்கர் லேப்டாப்பின் கதை வேறு. ஐ5 8250யு, நான்கு கோர். 4 ஜி.பி. டி.டி.ஆர்.4 வகை ரேம், பக்கத்தில் காலி ஸ்லாட் ஒன்று. இழுத்துப் பிடித்தது 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு அது. அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடி எடுக்க வேண்டும். பெரிய சினிமா ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் நொடிக்கு 100 எம்.பி. தரும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது படிப்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை. அங்கே முள் அலைந்து திரிந்து, நொடிக்கு 1 எம்.பி. தருவதற்கே மூச்சு வாங்கும். எஸ்.எஸ்.டி.யில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதில் ஒரு 2.5 இன்ச் எஸ்.எஸ்.டி. போட்டேன், காலி ஸ்லாட்டில் 8 ஜி.பி. ரேம் சேர்த்தேன். முன்பு அதன் சொந்தக்காரர் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவாராம். இப்போது இருபது நொடி.

ஒரு விஷயம், எஸ்.எஸ்.டி. மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆக, குறைந்த விலையில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, பின்னால் எதை மாற்ற முடியாது என்பதை. பிராசஸர், சால்டர் செய்த ரேம், திரை, பாடி இவற்றில் கொடுத்த காசு கொடுத்ததுதான். எஸ்.எஸ்.டி.யும் ஸ்லாட்டில் நிற்கும் ரேமும் அடுத்த வருடம் போனஸ் வந்தபின்கூடப் போட்டுக்கொள்ளலாம். 512 ஜி.பி. என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கி, பிராசஸரில் கோட்டை விடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

பிராசஸர் பெயரில்தான் கண்கட்டு வித்தை. "ஐ5 சார்" என்பதோடு விற்பவர் நிறுத்திக்கொள்வார், பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5 7200யு-வில் இரண்டு கோர்தான். அடுத்த தலைமுறை 8250யு-வில் நான்கு. விண்டோஸ் 11 ஏற்கும் எல்லைக்கோடும் பெரும்பாலும் அந்த 8-ஆம் தலைமுறையில்தான் விழுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ஐ5, ஐ7-ஐச் செகண்ட் ஹேண்டில் யாராவது சல்லிசாகக் கொடுத்தால் யோசியுங்கள். ஏ.எம்.டி.யிலும் இப்படித்தான். ரைசன் 5 7520யு என்றால் புத்தம் புதிது போலத் தோன்றும். உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. வகுப்பு, பிரவுசர், எக்செல் வேலைக்குப் பழுதில்லை, ஆனால் அந்த வகைக்கு ரேம் எப்போதும் போர்டோடு ஒட்டித்தான் வரும். 8 ஜி.பி. என்றால் கடைசிவரை 8 ஜி.பி. அதே பட்ஜெட்டில் ஐ3 1215யு-வும் ஒரு ஸ்லாட்டும் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கடையில் டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தட்டினால் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி. அங்கே 'சோடிம்' என்றிருந்தால் பெரும்பாலும் ஸ்லாட்டில் நிற்கும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ஒட்டியது. சிலவற்றில் ஒட்டியதோடு ஒரு ஸ்லாட்டும் இருக்கும், அது பரவாயில்லை, மாடல் நம்பரை வைத்துக் கம்பெனி இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உதிரிபாகத்தை நீங்களே வாங்குவதானால் கொஞ்சம் நிதானம். டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். எம்.2 எஸ்.எஸ்.டி. இன்னும் குழப்பம். சாட்டா வகையும் அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், உங்கள் போர்டு ஒன்றை மட்டும்தான் ஏற்கலாம். ரிச்சி தெருவில் வாங்கி, ஊருக்கு வந்து, திரும்பச் சென்னைக்குப் பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். (ஆரம்பத்தில் நானும் ஒரு தடவை.) 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. அதனால் 4 ஜி.பி.யில் வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற என் பழைய யோசனையை இப்போது சொல்வதில்லை. 8 ஜி.பி.யோடு ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும்.

ஆபீஸ்களில் ஓடிக் கழித்த திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் 8-ஆம் தலைமுறையில் கிடைத்தால், அதே விலைக்கு வரும் புதிய செலரானைவிட எனக்கு அவைதான் பிடிக்கும். ஹிஞ்ச் உறுதியாக இருக்கும். வாங்கும்முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரிக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். டச்பேட் மேலே எழும்பி நின்றால் பேட்டரி உப்பியிருக்கலாம், அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

நேற்று அந்த அக்கா ஷோரூமிலிருந்து போன் செய்தார். சின்ன மகனுக்கு ஒன்று வேண்டுமாம். விற்பனைப் பையனிடமே போனைக் கொடுத்தார்.

"இதுல ரேம் ஏத்தலாமா தம்பி?"

"அதெல்லாம் தேவையே படாது சார், 8 ஜி.பி. இருக்கே."

மூன்று பட்டனையும் சொல்லி அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரோ ஆஃப் சிப்ஸ்னு வருது சார்."

"சரி, பக்கத்து டேபிள்ல இருக்கிறதையும் ஒருதடவை அழுத்திப் பாருங்க."