சுட்டுப்பெயர்: லத்தீனின் ஹிக், இஸ்தெ, இல்லெ

லத்தீன் படிக்கத் தொடங்கியவர் விரைவிலேயே ஹிக், இஸ்தெ, இல்லெ என்ற மூன்று சொற்களில் வந்து முட்டிக்கொள்வார். ஆங்கில வழிப் பாடநூல் ஹிக் என்றால் 'திஸ்', இல்லெ என்றால் 'தட்' என்று சட்டென்று பொருள் சொல்லிவிடும். இஸ்தெ வந்ததும் திணறும். 'உன் பக்கத்தில் இருக்கும் அந்த' என்று சுற்றி வளைக்கும். ஆங்கிலத்துக்குச் சுட்டு இரண்டுதான். தமிழுக்கு லத்தீனைப் போலவே மூன்று. தமிழர் இந்த மூன்றையும் ஆங்கிலம் வழியாகக் கற்பது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான்.

இவ்வகைச் சொற்களுக்கு லத்தீன் இலக்கணத்தில் வழங்கும் பெயர் 'புரோநோமென் தெமொன்ஸ்த்ராதீவும்'. புரோ என்றால் பதிலாக, நோமென் என்றால் பெயர். 'தெமொன்ஸ்த்ராரெ' என்பது சுட்டிக் காட்டுதல். அதற்குள் இருக்கும் 'மொன்ஸ்த்ரும்' தெய்வம் காட்டும் அறிகுறி. அதற்கும் அடியில் இருப்பது 'மொனேரெ', எச்சரித்தல். கடையில் மிக்ஸியை ஓட்டிக் காட்டும் 'டெமோ'வும் இதே குடும்பம்தான்.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்கவே வேண்டாம். 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. சொல்லதிகாரத்தில் 'சுட்டுப்பெயர்' என்ற சொல்லையே ஆள்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. லத்தீனில் ஹிக் தனியே நின்றால் 'இவன்'. பெயருக்கு அடையாக நின்றால் 'இந்த'. தமிழ் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'இவன்' சுட்டுப்பெயர், 'இந்த' சுட்டுத்திரிபு. ஆகவே லத்தீன் பாடத்தில் வரும் ஹிக் எல்லாவற்றையும் சுட்டுப்பெயர் என்று எழுதுவது சரியல்ல. தனித்து நிற்பதற்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல 'சுட்டு' போதும்.

இனி, பாடநூலைத் திணற வைத்த இஸ்தெ. அதன் நேர் இணை நம் உகரச் சுட்டு: உவன், உவள், உது. அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவில் இருப்பதைச் சுட்டுவது உகரம் என்பார்கள் உரைகாரர்கள். சங்கப் பாடல்களில் 'உதுக்காண்' என்று வருகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கொழும்பில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து 'உங்கே மழையோ?' என்று கேட்டால், அந்த 'உங்கே' தங்கை இருக்கும் இடம். கேட்பவர் பக்கத்தைச் சுட்டும் இந்தப் பொருள்தான் இஸ்தெயின் அடிப்படைப் பொருள். இதை முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறியதல்ல.

ரோமானிய நீதிமன்றத்தில் இந்தச் சுட்டுக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. தன் கட்சிக்காரர் ஹிக். எதிர்த்தரப்பில் இருப்பவர் இஸ்தெ. கி.மு. 70இல் சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸ் மீது வழக்காடிய ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, தம் உரைகளில் அவரைத் திரும்பத் திரும்ப இஸ்தெ என்றே சுட்டினார். அங்கிருந்துதான் அச்சொல்லுக்கு இகழ்ச்சிப் பொருள் ஏறியது. இல்லெ இதற்கு எதிர்த்திசையில் போனது. 'புகழ்பெற்ற அந்த' என்ற பெருமைப் பொருளும் அதற்கு உண்டு.

வேற்றுமை வடிவங்களில் மாணவரை மிகவும் படுத்துவது ஹிக். எழுவாயில் ஹிக், ஹைக், ஹொக் என்று ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பொதுப்பால். செயப்படுபொருளில் ஹுங்க், ஹாங்க், ஹொக். ஆறாம் வேற்றுமைப் பொருளில் மூன்று பாலுக்கும் ஒரே ஹுய்யுஸ். நான்காம் வேற்றுமைப் பொருளில் ஒரே ஹுயிக். தமிழில் இவனுக்கு, இவளுக்கு, இதற்கு என்று பால் பிரிந்தே நிற்கும் இடத்தில் லத்தீன் பாலை விட்டுவிடுகிறது.

ஹுங்க் என்பதைப் பிரித்துப் பாருங்கள். முடிவில் இருக்கும் 'க்' வேற்றுமை உருபு அன்று. 'இதோ' என்று அழுத்திக் காட்டும் 'கெ' என்ற இடைச்சொல்லின் எச்சம் அது. பழைய வடிவம் 'ஹொம்' கூட்டல் 'கெ'. செயப்படுபொருள் உருபான மகரம் உள்ளே சிக்கிக்கொண்டு, பின்னால் வந்த ககரத்தால் ஙகரமாகத் திரிந்தது. மரம் கூட்டல் கள் 'மரங்கள்' ஆவதைத் தெரிந்தவருக்கு இந்தப் புணர்ச்சியைத் தனியே விளக்க வேண்டுமா? 'க்' என்ற வாலை நீக்கிப் பார்த்தால் ஒழுங்கற்றதாகத் தோன்றிய பல வடிவங்கள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

நாம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழில் 'இந்த' எதற்கும் மாறாது: இந்தப் புத்தகம், இந்தப் புத்தகத்தை. லத்தீனில் புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால், போர் பொதுப்பால். ஆகவே ஹிக் லிபெர், ஹைக் மேன்ஸா, ஹொக் பெல்லும். 'இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்றால் சுட்டும் சேர்ந்து மாறி 'ஹுங்க் லிப்ரும் லெகோ' ஆகும். இதற்குத் தமிழ் கைகொடுக்காது, மனப்பாடம்தான்.

ஆனால் எட்டாம் வேற்றுமையில் இரு மொழிகளும் மறுபடி கைகோக்கின்றன. லத்தீன் சுட்டுகளுக்கு விளி வடிவம் கிடையாது. தொல்காப்பியத்தின் விளிமரபும் 'சுட்டுமுதற் பெயர்' விளி ஏற்காது என்கிறது. முருகனை 'முருகா' என்று அழைக்கலாம். 'அவன்' என்பதை அப்படி நீட்டி அழைக்க முடியாது.