கல் இருந்தும் கொட்டை உடைக்காத சிம்பன்சிகள்

கினி நாட்டின் போஸ்ஸு கிராமத்தை ஒட்டிய குன்றுகளில் வாழும் சிம்பன்சிகள், எண்ணெய்ப் பனையின் கொட்டையைத் தட்டையான கல்மேல் வைத்து, கைக்கு அடங்கிய இன்னொரு கல்லால் அடித்துப் பருப்பைத் தின்கின்றன. கீழ்க்கல் ஆடினால் அதற்கு அடியில் மூன்றாவது கல்லைச் செருகி நிலைப்படுத்துவதுகூட உண்டு.

சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, நிம்பா மலையின் செரிங்பாரா பகுதியில் இன்னொரு கூட்டம் வாழ்கிறது. அங்கே கொட்டை உடைக்கும் வழக்கமே இல்லை. கல்லும் கொட்டையும் ஒரே இடத்தில் கிடைக்காததுதான் காரணமோ என்று சோதிக்க, கேத்தலைன் கூப்ஸ் என்ற ஆய்வாளரின் குழு இரண்டையும் காட்டில் குவித்துவைத்து, தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தியது. அடுத்து, உடைத்த கொட்டைகளைக் கற்களின்மேல் வைத்துக் குறிப்புக் கொடுத்தது. கூலா என்ற வேறொரு கொட்டையையும் வைத்துப் பார்த்தது. எதற்கும் பலனில்லை, ஒரு சிம்பன்சிகூட உடைக்கவில்லை. முடிவுகள் 2022இல் வெளியாயின.

தானாகக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் என்றால், போஸ்ஸு குட்டிகளுக்கு இது எப்படி வருகிறது? தாய் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்லை. தான் உடைத்த பருப்பைக் குட்டி எடுத்துக்கொள்ளும்போது விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது, கல்லை உருட்டுகிறது, கொட்டையைக் காலால் மிதிக்கிறது, வெறுங்கையால் அறைகிறது. கல், கொட்டை, அடி மூன்றும் சரியாகக் கூடிவருவதற்கு மூன்று முதல் ஐந்து வயது ஆகிவிடுகிறது. ஏழு வயதுக்குள் பிடிபடாவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் பிடிபடுவதில்லை. ஐவரி கோஸ்டில் ‘டாய்’ (Taï) என்ற காட்டில் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த சிம்பன்சிக் கற்கருவிகள் சுமார் 4,300 ஆண்டுப் பழையவை. இத்தனை காலமும் இந்தத் திறமை பார்த்துப் பார்த்தே கைமாறி வந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

இப்படிக் கைமாறும் சரடு எளிதில் அறுந்துபோகும். பெண் சிம்பன்சி ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனுகிறது. பருவமெய்தியதும் பெரும்பாலான பெண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும்; ஆண்கள் தங்கிவிடும். போஸ்ஸுவைச் சுற்றி வயலும் புல்வெளியும் சூழ்ந்துவிட்டதால், அங்கிருந்து போன பெண்களுக்கு ஈடாக வெளியிலிருந்து யாரும் வரவில்லை. 2003இல் பரவிய சுவாச நோயில் ஐந்து சிம்பன்சிகள் இறந்தன. இருபதை ஒட்டியிருந்த கூட்டம் இன்று ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் எண்ணிக்கை 1990க்கும் 2014க்கும் இடையில் ஏறத்தாழ 80 சதவீதம் சரிந்தது. 2016 முதல் அவை அழிவின் விளிம்பில் உள்ள துணையினமாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தலைகளை மட்டும் எண்ணுவது போதாது என்பது என் கருத்து. 144 சிம்பன்சிக் கூட்டங்களை ஒப்பிட்ட 2019 ஆய்வில், மனிதத் தலையீடு மிகுந்த இடங்களில் இத்தகைய நடத்தைகள் தென்படும் வாய்ப்பு 88 சதவீதம் குறைவாக இருந்தது.

போஸ்ஸுவையும் நிம்பாவையும் இணைக்க, நடுவிலுள்ள புல்வெளியில் பல ஆண்டுகளாக மரம் நட்டு வருகிறார்கள். கோடைத் தீ கன்றுகளை எரித்துவிடுவதால் திரும்பவும் நட வேண்டியிருக்கிறது.