ஜூனிபர் செத்த பிறகும் பச்சையாகத்தான் இருக்கும்

போன மாதம் கோவையிலிருந்து ஓர் அம்மா குன்னூரில் உள்ள என் தோட்டத்துக்கு வந்திருந்தார். கையில் துண்டால் சுற்றிய சிறு பீங்கான் தொட்டி. புதுமனைப் புகுவிழாவுக்கு யாரோ பரிசளித்த ஜூனிபர் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்த்த ஓர் ஊசியிலை மரம். "நேற்றுவரை பச்சையாகத்தான் இருந்தது, சார். இன்றைக்குத்தான் கொஞ்சம் வெளுத்த மாதிரித் தெரிகிறது" என்றார். ஒரு நுனியைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தேன். காய்ந்த கறிவேப்பிலைபோல் பொடிந்தது. மரம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றி வந்திருக்கிறார்.

தொட்டியின் மேற்பரப்பில் வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கடையில் பார்க்க அழகு. ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்தக் கல் பாளத்தின் மேலேயே ஓடி விளிம்பு வழியாக வெளியே போயிருக்கிறது. கத்தியால் பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே தென்னை நார்த் தூள், சுண்டக் காய்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு, தொட்டி மூன்று மாதமாக டிவி மேசையில் இருந்திருக்கிறது. ஜூனிபர் வீட்டுக்குள் வாழும் செடி அன்று. நேரடி வெயிலும் ஓடும் காற்றும் வேண்டும். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. சொன்னால் பாதி வியாபாரம் படுத்துவிடும்.

ஜூனிபரின் இலை தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு கொண்டது. வேர் அழுகியோ காய்ந்தோ போன பிறகும் உள்ளிருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். அதனால் நிறத்தை நம்பக் கூடாது, நுனியைப் பார்க்க வேண்டும். உயிருள்ள மரத்தின் நுனிகளில், வளரும் காலத்தில், மற்ற இலைகளைவிட வெளிர்ந்த புதுப் பச்சை தெரியும். அது நின்று, மரம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் மங்கினால் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது பரிசு போன்சாய்களுக்காக மட்டும் இல்லை. நர்சரியில் ஒரு ஜூனிபர் வாங்கி வந்து தாமே வடிவமைக்க வேண்டும் என்று ஆசையோடு வருகிறவர்களுக்காக. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆலிலோ இச்சியிலோ கை பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் ஜூனிபரைக் கொல்கிறது. ஆலமரத்தை மொட்டையடித்தாலும் வெறும் தண்டிலிருந்து தளிர் வெடிக்கும். ஜூனிபரில் பச்சையே இல்லாத கிளை திரும்பத் துளிர்க்காது. வெட்டிய பிறகு மிஞ்சும் பகுதியில் இலை இல்லையென்றால் அந்தக் கிளை அவ்வளவுதான். அதன் பலம் இலையில் இருக்கிறது. இலையை வழித்தெடுத்தால் வேரும் சேர்ந்தே சோரும்.

எனக்கே அப்படித்தான் புத்தி வந்தது. பல வருடம் ஆலையும் புளியையும் வளர்த்துவிட்டு, முதல் ஜூனிபரை வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே கிளைகளைக் கழித்து, கம்பி சுற்றி, மண்ணையெல்லாம் தண்ணீர் விட்டு அலசி, ஆழமில்லாத தொட்டியில் நட்டேன். மாலையில் நாலு பக்கமும் நின்று புகைப்படம் எடுத்தேன். இரண்டு மாதம் அது பச்சையாக என்னை ஏமாற்றியது.

முதலில் வாங்குவதைச் சொல்கிறேன். நர்சரிகளில் அதிகம் கிடைப்பது தரையோடு படரும் புரோகம்பென்ஸ் நானா என்ற வகை. சில இடங்களில் சீன ஜூனிபர் வகைகள் கிடைக்கும். புரோகம்பென்ஸ் ஊசி இலைக்காரன், கை அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சீன ஜூனிபரின் முதிர்ந்த இலை செதில் செதிலாக, தொட மெத்தென்றிருக்கும். ஆனால் அதைக் கடுமையாக வெட்டினால் மீண்டும் முள் இலை விடும். "நீ என்னை அதிகம் வெட்டிவிட்டாய்" என்று மரம் புகார் எழுதிக் கொடுப்பது அப்படித்தான்.

பச்சை அடர்ந்த செடியைத் தேடாதீர்கள். இலையை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். நர்சரிப் பையில் செடி பெரும்பாலும் ஆழமாகப் புதைந்திருக்கும். விரலால் மேல்மண்ணைத் தோண்டினால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே தண்டு பருத்து வேர் பிரியும் இடம் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே செடி என்று நினைத்தது மூன்று பதியன்களைச் சேர்த்து நட்டதாக இருப்பதும் உண்டு. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் பேன். தேயிலைக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இனி முதல் நாள் வேலை. கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். வேர் விரிவும் தண்டின் முதல் வளைவும் சேர்ந்து நன்றாகத் தெரியும் பக்கம்தான் மரத்தின் முகம், பார்ப்பவரை நோக்கி வைக்கும் முன்பக்கம். பிறகு உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த ஊசிகள், கிளைக் கவட்டைகளில் முளைத்த கொசுறுகள், கீழ்நோக்கித் தொங்கும் சில்லுகள், இவ்வளவையும் எடுத்தாலே தண்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய, சவலைப்பிள்ளை போன்ற குருத்துகளைத் தேவையில்லை என்று வழித்துவிட்டு, நுனியில் கொத்தை மட்டும் விடுகிறார்கள். கிளை சிங்கத்தின் வால்போல் ஆகிவிடும். பிறகு அதை உள்ளுக்கு இழுத்துச் சுருக்க வழியே இல்லை. அந்தச் சவலைக் குருத்துக்கு வெயில் காட்டிக் காப்பாற்றினால் மூன்று வருடத்தில் அதுதான் கிளை.

எடுக்க வேண்டும் என்று தோன்றும் பெரிய கிளைகளில் நான் துணிக்கிழிசல் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் பாதிக் கிழிசல்களை அவிழ்க்கத் தோன்றும். மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் நான் எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் கிளையை விட்டுவிடுங்கள், அடுத்த வருடமும் கத்தரி இருக்கும்.

வெட்டும் கிளையை அடியோடு வெட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் கட்டை விட்டால், பட்டையை உரித்து ஜின் ஆக்கலாம். மலைச்சரிவில் பனியும் காற்றும் அடித்துப் பட்டுப்போன கிளைபோல் தோற்றம் தருவது அது. தண்டிலேயே பட்டையை உரித்து வெள்ளைக் கட்டை காட்டுவதற்கு ஷாரி என்று பெயர். ஷாரியை முதல் நாளில் தொடாதீர்கள். தண்டில் எந்தப் பட்டைக் கோடு எந்த வேரையும் கிளையையும் இணைக்கிறது என்று தெரியாமல் உரித்தால், மேலே ஒரு கிளை மட்டும் தனியாகக் காயும். ஜின்னுக்குப் பூசும் லைம் சல்ஃபர் (சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல்) அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கையுறை போட்டு, திறந்த வெளியில், மண்ணை பாலித்தீனால் மூடிவிட்டுப் பூசுங்கள். பூசும்போது மஞ்சளாக இருப்பது காய்ந்ததும் வெளுக்கும்.

கம்பி சுற்றுவது தனிக் கட்டுரைக்கான விஷயம். இரண்டு சொல்கிறேன். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பி, சுமார் 45 டிகிரிச் சாய்வில், இரண்டு கிளைக்கு ஒரே கம்பியாக, நடுவில் தண்டை ஒரு சுற்றாவது சுற்றிப் போக வேண்டும். கிளையை வளைக்கும்போது இரண்டு கட்டைவிரலும் வளைவின் உள்பக்கம் இருக்கட்டும். காதையும் திறந்து வையுங்கள். "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஜூனிபர் வளைந்த இடத்தில் நிலைக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் கம்பி பட்டையில் பதியத் தொடங்கிவிடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது கம்பியைச் சுழற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை ஒடித்தவர்கள் என்னையும் சேர்த்து நிறையப் பேர்.

தொட்டி மாற்றுவது அன்றைக்கு இல்லை. வெட்டு ஒரு வருடம், வேர் மறு வருடம். மலையில் பனி விலகிய பிறகு, புதுக் கொழுந்து எடுப்பதற்கு முன், பாதி வேர்ப்பந்தை மட்டும் பிரித்து வடிகால் உள்ள கலவைக்கு மாற்றுகிறேன். மறுபாதி அடுத்த முறை. சலித்த செங்கல் துண்டும் பெருமணலும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. மண்ணில் வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை நோய் என்று கழுவிவிடாதீர்கள், வேரோடு கூட்டு வாழும் பூஞ்சை அது.

இவ்வளவு மெதுவாகவா என்று கேட்பவர்களுக்கு கோஷின் என்ற ஜூனிபர் தோப்பைக் காட்டுவேன். அமெரிக்கப் போன்சாய் கலைஞர் ஜான் நாகா 1948-இல் தொடங்கி, பேரப்பிள்ளைகளின் கணக்குக்கு மரங்களைச் சேர்த்துப் பதினொன்றாக்கி, 1984-இல் அமெரிக்காவில் தேசியப் போன்சாய் சேகரிப்புக்குக் கொடுத்தது அது. முப்பத்தாறு வருடம்.

சமவெளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில் ஜூனிபர் வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. புளி, கொடுக்காப்புளி, இச்சி, காகிதப்பூ எல்லாம் அந்த வெயிலுக்குப் பிறந்தவை. கோவை அம்மாவுக்கும் ஒரு கொடுக்காப்புளிக் கன்றைத்தான் கொடுத்தனுப்பினேன். தொட்டி அதே பீங்கான் தொட்டி, கூழாங்கல் இல்லாமல்.

நான் நடத்தும் முதல் நாள் வகுப்பு முடியும்போது மேசையில் நிற்கும் மரங்கள் எதுவும் படத்தில் பார்த்த போன்சாய்போல் இருக்காது. பிளாஸ்டிக் தொட்டி, அங்கங்கே கம்பி, பாதி புதர். சென்ற வகுப்பில் ஒரு கல்லூரி மாணவர், "இவ்வளவுதானா, சார்?" என்று கேட்டேவிட்டார். அவர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து எழுதச் சொன்னேன்: கிளை கழித்த தேதி, கம்பி பார்க்க வேண்டிய மாதம், மண் மாற்ற வேண்டிய வருடம். பேனாவை எடுத்தார். பென்சிலை நீட்டினேன், பேனா மை ஒரே கோடையில் வெளுத்துவிடும்.