பைலோநெப்ரைட்டிஸ்: 'அழற்சி' மட்டும் போதாது

டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் பகுதியில் இந்தச் சொல் இருக்கும்: அக்யூட் பைலோநெப்ரைட்டிஸ். வேலூர் காந்தி ரோட்டு மருந்துக்கடையில் தாளை நீட்டி "இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்று கேட்டால் "கிட்னியில இன்பெக்ஷன்" என்பார்கள். தவறில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டவர்கள் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், கிட்னியே போய்விட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று முடிவு கட்டுவார்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் நடந்தது இந்த ஊர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான், கிட்னி என்றதும் இங்கே மனம் நேரே அங்கே போய் நிற்பதில் வியப்பில்லை. இன்னொரு சாரார், வெறும் நீர்க்கடுப்பு, வெயில் சூடு, இரண்டு இளநீர் குடித்தால் அடங்கிவிடும் என்பார்கள். 'பைலோ' என்பது காதில் 'பைல்ஸ்' என்று விழுந்து மூல வியாதியோ என்று கலங்குகிறவர்களும் உண்டு.

சொல் கிரேக்கம். மூன்று துண்டு: பைலோஸ், நெப்ரோஸ், ஐட்டிஸ்.

பைலோஸ் என்றால் தொட்டி. குளிக்கும் தொட்டிக்கும், கால்நடைக்குத் தீனி வைக்கும் தொட்டிக்கும் கிரேக்கர்கள் இந்தச் சொல்லைச் சொன்னார்கள். நம் பக்கத்து மாட்டுக் கொட்டகையில் இருக்கும் கழுநீர்த்தொட்டியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். சிறுநீரகத்தின் உட்புறம் புனல்போல் விரிந்த ஓர் அறை இருக்கிறது. வடிகட்டப்பட்ட சிறுநீர் முதலில் அங்கே வந்து சேர்ந்து, பிறகு சிறுநீர்க்குழாய் வழியாகக் கீழே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அந்த அறைதான் பைலோஸ். லத்தீனில் அதையே பெல்விஸ் என்றார்கள். அதற்கும் அகன்ற பாத்திரம் என்றே பொருள். இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்குக் குழி காத்திருக்கிறது. அகராதியில் பெல்விஸ் என்பதற்கு 'இடுப்பு' என்று பார்த்துவிட்டு 'சிறுநீரக இடுப்பு அழற்சி' என்று எழுதினால், படிப்பவர் இடுப்பு எலும்பைத் தடவிப் பார்ப்பார். இடுப்புக்கூட்டுக்கே அந்தப் பெயர் வந்தது அது பாத்திரம்போல் இருப்பதால்தான். பாத்திரத்தை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் எடுத்துவந்தால் பொருள் வழியிலேயே சிந்திப்போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பையோன் என்றால் சீழ். பையோநெப்ரோசிஸ் என்று வேறொரு நோய்ப் பெயர் இருக்கிறது; அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் நிரம்பிக் கிடப்பது அது. பைலோ தொட்டி, பையோ சீழ். எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், சிகிச்சையோ ஏணி வைத்தாலும் எட்டாது. லேப் தாளில் வரும் 'பஸ் செல்' இந்தச் சீழோடு உறவுள்ளது. ஆனால் சிறுநீரில் பஸ் செல் இருப்பதாலேயே சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கிறது என்று பொருளல்ல. கிருமியோடு சண்டையிட வந்த வெள்ளையணுக்கள் அவை, அவ்வளவுதான்.

நெப்ரோஸ் சிறுநீரகம். இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருந்தது: குண்டிக்காய். தமிழ் வேதாகமத்தில் லேவியராகமத்தின் பலிச் செய்திகளில் 'இரண்டு குண்டிக்காய்களையும்' என்று வருவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆட்டுக்கறி வாங்கும் இடத்திலும் சில ஊர்களில் இன்னும் உண்டு. முன்பாதி கூச்சம் தருகிறது என்று படித்தவர்கள் அதை ஓரங்கட்டினார்கள். அந்த இடத்துக்குச் சிறுநீரகம் வந்தது. சிறுநீர் உண்டாகும் அகம். நல்ல ஆக்கம், நிலைத்தும்விட்டது. குண்டிக்காயை மீட்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன்; ஆனால் அதை இழிசொல் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது துண்டுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஐட்டிஸ் என்பது கிரேக்கத்தில் ஒரு பெயரடை விகுதி. 'நோய்' என்ற சொல் அதற்குப் பின்னால் தொக்கி நின்றது. நெப்ரைட்டிஸ் என்றால் அவர்களுக்குச் சிறுநீரகத்து நோய், அவ்வளவே. பிற்கால மருத்துவம்தான் அதை அழற்சி என்ற ஒரு பொருளுக்குச் சுருக்கியது. தமிழில் 'அழற்சி' என்ற தேர்வு அருமையானது. அழல் என்றால் தீ. லத்தீன் வழிவந்த மூலச்சொல்லான இன்ஃப்ளமேஷனிலும் தீச்சுடர்தான் இருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற பழைய நான்கு குறிகளும் அதில் அடங்கிவிடுகின்றன. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும்போது வரும் அழல் வேறு, அது பித்தம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு 'பித்தம் ஏறி கிட்னி வெந்துபோச்சு' என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது தனிக் கதை.

சிக்கல் எங்கே என்றால், அழற்சி வேறு, தொற்று வேறு. கிருமி உள்ளே நுழைந்து பெருகுவது தொற்று. உடல் அதற்கோ வேறெதற்கோ காட்டும் எதிர்வினை அழற்சி. கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் விவரித்த சிறுநீரக நோய்கள், பிறகு 'நெப்ரைட்டிஸ்' என்றே வழங்கியவை, பெரும்பாலும் அந்த வகை. அங்கே பழுதாவது வடிகட்டி முடிச்சுகள். முகம் வீங்கும், சிறுநீரில் புரதமும் ரத்தமும் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே தன் சிறுநீரகத்தைத் தாக்குவதால் வருவது. அதனால் பலருக்கு ஸ்டீராய்டு கொடுத்து அந்த எதிர்ப்பாற்றலை அடக்குகிறார்கள். இதற்குத் தமிழில் சிறுநீரக அழற்சி என்று பெயர் நிலைபெற்றிருக்கிறது.

பைலோநெப்ரைட்டிஸ் நேர் எதிர். பியர் ரேயே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1839-க்கும் 1841-க்கும் இடையே வெளியிட்ட சிறுநீரக நோய் நூலில் தொட்டியில் தொடங்கும் அழற்சியைத் தனியே பிரித்துப் பேசினார். கிருமி என்ற கருத்தே அன்று மருத்துவத்தில் வேரூன்றவில்லை. அதனால்தான் பெயரில் இடம் இருக்கிறது, காரணம் இல்லை. மருத்துவர் எஷரிக் தன் பெயர் தாங்கிய குடல் கிருமியைக் கண்டறிந்தது 1885-இல். அந்த ஈ.கோலைதான் இந்நோய்க்கு முதல் காரணி என்பது அதற்குப் பிறகு தெளிவானது. மலக்குடலில் குடியிருக்கும் அது சிறுநீர்ப்புழை வழியாகப் பைக்கு ஏறி, அங்கிருந்து குழாய் வழியே தொட்டிக்கும் சிறுநீரகத்தின் சதைக்கும் போகிறது. பெண்களின் சிறுநீர்ப்புழை ஏறத்தாழ 4 செ.மீ. தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. பெண்களுக்கு இது அதிகம் வருவதற்கு 'உடம்புச் சூடு' காரணமல்ல, இந்தத் தூரம்தான் காரணம். ஆனாலும் வேலூர் வெயிலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியிலோ குடியாத்தத்தில் பீடி சுற்றியோ நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள், கழிப்பறைக்கு அடிக்கடி எழ முடியாது என்று தண்ணீரைக் குறைத்து, வருவதை அடக்கியும் வைத்தால், ஏறிவரும் கிருமியைக் கழுவி வெளியே தள்ளும் ஓட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே, தமிழில் இதற்குச் 'சிறுநீரக அழற்சி' என்று மட்டும் எழுதக் கூடாது. ஆன்டிபயாடிக் வேண்டிய நோயும் ஸ்டீராய்டு வேண்டிய நோயும் ஒரே பெயரில் ஒளிந்துகொள்ளும். 'சிறுநீரகத் தொற்றழற்சி' என்பதே என் தேர்வு. தொட்டி மட்டும் அழலும் நிலையான பைலைட்டிஸைச் 'சிறுநீரகத் தொட்டியழற்சி' எனலாம். பைலோநெப்ரைட்டிஸில் தொட்டியைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்பீர்கள். தொட்டியும் சதையும் சேர்ந்து அழலும்போது நோயாளிக்குத் தெரிய வேண்டியது அறையின் பெயரல்ல, கிருமி ஏறியிருக்கிறது என்பதுதான். பேச்சுக்குச் 'சிறுநீரகத் தொற்று' போதும்.

முன்னொட்டு அக்யூட் இன்னொரு வம்பு. அதைக் 'கடுமையான' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. திடீரெனத் தொடங்கிச் சில நாளில் உச்சம் காண்பதைத்தான் அது சொல்கிறது. கடுமை வேறு அளவுகோல். 'திடீர்' என்றே எழுதலாம். மிதமான திடீர்த் தொற்று மாத்திரையிலேயே அடங்கும். கடுமையானதற்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டும்.

ஊர்ப் பேச்சில் இதன் அடையாளம் துல்லியமாகவே இருக்கிறது. நீர்க்கடுப்பு என்றால் போகும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாக வருதல். பையோடு நின்ற தொற்று. "குளிர் தூக்கித் தூக்கிப் போடுது, முதுகாண்ட ஒரு பக்கமா வலிக்குது, சாப்ட்டதெல்லாம் வாந்தி" என்றால் அது மேலே ஏறிவிட்டது. வலிக்கும் இடத்துக்கு அள்ளை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது: விலா முடிந்து இடுப்பு தொடங்கும் முன் உள்ள பக்கவாட்டு. பின்புறம் கடைசி விலாவும் முதுகுத்தண்டும் சேரும் மூலையில் மருத்துவர் மெல்லத் தட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். முதியவர்களுக்கு இது எதுவும் இல்லாமல் தடுமாற்றப் பேச்சு மட்டும் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்குவதால் எளிதில் ஏறும். எரிச்சலே இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது அதனால்தான்.

சிக்கல்களின் பெயர்களிலும் கிரேக்கம் கொடிகட்டிப் பறக்கிறது. எம்பைசிமேட்டஸ் பைலோநெப்ரைட்டிஸ் என்பது அவற்றில் பயங்கரமானது. ஊதிப் பெருக்குவது என்ற வினையிலிருந்து வந்தது. நுரையீரல் நோய் ஒன்றுக்கும் அதே பெயர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களின் சிறுநீரகத்தில் கிருமிகள் குளுக்கோஸை நொதிக்கவைத்து, சதைக்குள்ளேயே வாயுவை உண்டாக்குகின்றன. சி.டி. ஸ்கேனில் கறுப்புக் குமிழ்களாகத் தெரியும். கெல்லி, மெக்கல்லம் என்ற மருத்துவர்கள் 1898-இல் இதைப் பதிவு செய்தார்கள். ஒருகாலத்தில் அந்தச் சிறுநீரகத்தை உடனே எடுத்துவிடுவதே வழி என்று இருந்தது. இப்போது பலருக்கு முதுகு வழியாகக் குழாய் போட்டு வடித்து, ஊசி மருந்தோடு காத்திருந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். சி.எம்.சி. சிறுநீரியல் துறையினர் அப்படிப்பட்ட தங்கள் அனுபவத்தை 2008-இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். 'வளிமத் தொற்றழற்சி' என்று இதைச் சொல்லலாம். 'வாயு' என்று எழுதினால் நம்மவர்கள் ஓமத்தைத் தேடுவார்கள்.

சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பில் சீழ் கட்டினால் சிறுநீரகச் சூழ் சீழ்க்கட்டி. மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் இதையோ அடைப்பையோதான் முதலில் சந்தேகிப்பார்கள். ஸாந்தோ என்று தொடங்கும் நீண்ட பெயர் ஒன்று உண்டு: ஸாந்தோகிரானுலோமேட்டஸ் பைலோநெப்ரைட்டிஸ். ஸாந்தோஸ் என்றால் மஞ்சள். கல் நெடுநாள் அடைத்து, சதை கொழுப்பேறி மஞ்சளாகி, ஸ்கேனில் புற்றுநோய்போல் மிரட்டும்.

செப்சிஸ் என்ற சொல்லுக்கு அழுகல் என்று பொருள். தமிழில் 'ரத்தம் நச்சாதல்' என்று எழுதுகிறார்கள். வார்டு வாசலில் "இன்பெக்ஷன் ரத்தத்துல கலந்துடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். 2016-இல் வகுத்த வரையறை இரண்டையும் தாண்டுகிறது: தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, தன் உறுப்புகளையே செயலிழக்க வைப்பது. பி.பி. இறங்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும், ஆள் தன்னிலை தவறுவார். இதற்கு நல்ல தமிழ்ச்சொல் இன்னும் அமையவில்லை என்பேன். அமையும்வரை செப்சிஸ் என்றே எழுதி விளக்குவது மேல்.

கல்லடைப்போடு தொற்றும் சேர்ந்தால் கதை மாறுகிறது. கல்லடைப்பு என்ற நம் பழைய சொல்லில் 'அடைப்பு' இருப்பதைப் பாருங்கள். மருத்துவம் அஞ்சுவதும் கல்லுக்கல்ல, அடைப்புக்கே. சீழ் தேங்கிய தொட்டிக்குள் ஆன்டிபயாடிக் போதிய அளவு இறங்காது. முதலில் வடிக்க வேண்டும். கீழிருந்து டிஜே ஸ்டென்ட், அதாவது சிறுநீர்க்குழாய்க்குள் நிற்கும் மெல்லிய குழல், வைக்கலாம், அல்லது நெப்ராஸ்டமி. ஸ்டோமா என்றால் வாய். சிறுநீரகத்துக்கு முதுகுப் பக்கம் ஒரு வாய் திறப்பது. கல்லை எடுப்பது தொற்று தணிந்த பிறகு. "கல்லை விட்டுட்டு டியூப் மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க" என்று குறைப்படும் உறவினர்களுக்கு வரிசை இதுதான் என்று யாராவது தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.