கேமரா பார்க்கும் திசையும் மைக் பார்க்கும் திசையும்

சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது ஒரு பெரியவரை நிறுத்திப் பேட்டி எடுக்கிறார்கள். தேரும் படத்தில் விழ வேண்டும் என்பதால் அவரைத் தேருக்கு முன்னால் நிற்க வைக்கிறார்கள். கேமராவின் தலையில் ஒரு ஷாட்கன் மைக், அதாவது நீண்ட குழாய் வடிவ மைக். வீட்டுக்குப் போய்க் கேட்டால் மேளமும் குழாய் ஒலிபெருக்கியும் கணீரென்று ஒலிக்கின்றன, பெரியவரின் பேச்சு தேறவில்லை. உடனே இன்னும் விலை கூடிய மைக்கைத் தேடத் தொடங்குகிறார்கள். பாவம், மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது பார்த்த திசையில் பெரியவரும் இருந்தார், அவருக்குப் பின்னால் மேளமும் இருந்தது.

ஷாட்கன் மைக்கின் நீண்ட குழாய் தொலைவிலுள்ள ஒலியை இழுத்து வரும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தக் குழாய்க்குப் பக்கத்து ஒலியைக் கழிக்க மட்டுமே தெரியும். ஒலியை உணரும் சவ்வு குழாயின் அடியில் இருக்கிறது. பக்கவாட்டில் நெடுகத் துளைகள். நேர் எதிரிலிருந்து வரும் ஒலி முகப்பில் நுழைந்தாலும் துளைகளில் நுழைந்தாலும் சவ்வை ஒரே நேரத்தில் அடைகிறது, ஒன்றோடொன்று கூடிக்கொள்கிறது. பக்கவாட்டு ஒலியோ எல்லாத் துளைகளிலும் ஒரே சமயத்தில் நுழைகிறது. அடித்துளையில் நுழைந்த அலை உடனே சவ்வைத் தொட்டுவிடும். நுனித்துளையில் நுழைந்தது குழாய் முழுவதையும் கடந்து வர வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாக வந்து சேரும் அலைகளில் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் அழிகின்றன.

இந்த அழிவு எல்லா ஒலிக்கும் வாய்ப்பதில்லை. 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. அந்தக் கணக்கில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.; 1,000 ஹெர்ட்ஸுக்கு 35 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை மீட்டர். திரைத்துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சென்ஹைசர் எம்.கே.எச். 416 மைக்கின் மொத்த நீளமே 25 செ.மீ.தான். குழாய் முழுவதையும் 25 செ.மீ. என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதற்குள் ஒரு முழு அலைநீளமாவது அடங்க வேண்டும் என்பதால், பக்கவாட்டு ஒலி நன்றாக அழிவது சுமார் 1,400 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். ஜெனரேட்டரின் உறுமல், பஸ் எஞ்சின், தவிலின் தொப்பிப் பக்கத்து அடி ஆகியவை அதற்கு வெகு கீழே இருக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை குழாய் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தாழ்ந்த அதிர்வெண்களில் திசையைக் காப்பது சவ்வின் அமைப்பு. சவ்வின் முதுகுக்கும் ஒலி போக ஒரு வழி விட்டு, அந்த வழியில் சிறு தாமதத்தை வைத்திருப்பார்கள். பின்னாலிருந்து வரும் ஒலி சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவதற்கும் தாமத வழியே முதுகை அடைவதற்கும் நேரம் ஒன்றாகிவிடும்; இருபுறமும் சமமாக அழுத்தம் விழுவதால் சவ்வு அசையாது. இப்படித் திசை பார்க்கும் மைக்குகளில் சில வகைகள் உண்டு. கார்டியாய்டு என்ற வகைக்கு நேர் பின்னால் காது கேட்காது. அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், இரு பின்னோரங்களில் கேட்காது. நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். எந்தத் திசையில் எவ்வளவு கேட்கும் என்று காட்ட மைக்கோடு வரும் வட்ட வரைபடத்தில் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது இந்தச் செவிட்டு இடங்களை.

நாலா திசையிலும் இரைச்சல் இருக்கும் இடத்தில், திசை பாராத மைக் 25 செ.மீ. தூரத்தில் தரும் தெளிவை சூப்பர் கார்டியாய்டு ஏறத்தாழ 48 செ.மீ. தூரத்தில் தரும். லாபம் அவ்வளவுதான். நெருங்கிப் போவதால் கிடைப்பது இதைவிட அதிகம்: தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். கேமரா மேல் 2 மீட்டர் தள்ளி இருந்த மைக்கை வாயிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். ஆகவே முதலில் மைக்கை நுனியில் மாட்டி நீட்டும் பூம் கம்பு, அப்புறம்தான் விலை கூடிய மைக் என்பது என் கட்சி. கம்பை உயர்த்தி மைக்கைத் தலைக்கு மேலிருந்து வாயை நோக்கிச் சாய்த்தால், கேமரா தேரைப் பார்க்க, மைக் தரையைப் பார்க்கும். கம்பங்களில் உயரக் கட்டிய ஒலிபெருக்கிகளும் மைக்கின் பின்னோரத்துக்குப் போய்விடும்.

அலங்காநல்லூர் வாடிவாசல் அருகே வர்ணனை ஒலிபெருக்கி அலறும்போது இதுவும் போதாது. அங்கே கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். படத்தில் மைக் தெரிந்தால் தெரியட்டும். புதுமண்டபம் போன்ற கல் மண்டபங்களில் நிலைமை வேறு. சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பும் குரல் பக்கவாட்டாகக் குழாய்க்குள் நுழைந்து அரைகுறையாக அழிவதால் பேச்சின் நிறமே கெட்டுவிடும். குழாய் இல்லாத சிறிய ஹைப்பர் கார்டியாய்டு (சூப்பர் கார்டியாய்டுக்கு நெருங்கிய இன்னொரு திசை மைக்) அங்கே மேல்.

காற்றையும் சொல்ல வேண்டும். சவ்வின் இருபுற அழுத்த வேறுபாட்டை நம்பி வேலை செய்வதால், திசை மைக்குகள் காற்றுக்கு எளிதில் தடுமாறும். ஆடி மாதத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பஞ்சு உறையோடு போவது வீண். மைக்கைச் சுற்றி அசையாத காற்று நிற்கும்படி ஒரு கூண்டும், அதன் மேல் ரோம உறையும் வேண்டும். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆண்குரலுக்கும் அதனால் பெரிய சேதம் இல்லை.

வாங்கும்போது கடையின் ஏசி அறையில் சோதிக்காதீர்கள். வாசலுக்கு வந்து ஹெட்போனை மாட்டி, நின்று உறுமும் ஒரு பஸ்ஸை நோக்கிப் பிடித்து, மைக்கை மெல்லத் திருப்புங்கள். ஹார்ன் குறைவது எந்த மைக்கிலும் கேட்கும். எஞ்சின் எந்தக் கோணத்தில் அடங்குகிறது என்று கேட்டு, அந்தக் கோணத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.