பார்த்தால் தெரியாத வந்தேறித் தேள்

ஹவாய் தீவுகளில் இருக்கும் ஒரே தேள் இனம் ஐசோமெட்ரஸ் மாக்குலேட்டஸ். மனிதர்களோடு வந்து இறங்கியது. அங்கே பூர்வீகத் தேள் எதுவும் கிடையாது என்பதால், இது வெளியிலிருந்து வந்தது என்பதில் குழப்பமே இல்லை. ஏற்கெனவே தேள்கள் வாழும் தீவில் அதே இனத்தின் வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தால்தான் சிக்கல். நிறமும் வால்நுனிக் கொடுக்கும் ஒன்றுபோல இருக்கும். வந்ததே யாருக்கும் தெரியாது.

வருவதும் எளிது. தேள் முட்டையிடாது, குட்டி போடும். சினையான ஒரே ஒரு பெண் தேள் மரப்பட்டைக்கு அடியில் பதுங்கி வந்தால் போதும். சில இனங்களில் பெண் தேள் விந்தணுவைச் சேமித்து வைத்து அடுத்த ஈற்றுக்கும் பயன்படுத்தும்.

சரி, வந்த தேளும் உள்ளூர்த் தேளும் இணைந்து கலப்பு நடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிஎன்ஏ எடுக்க ஒரு கால் போதும். பலரும் முதலில் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ. ஏமாறுவதும் இங்கேதான், ஏனென்றால் அது தாய்வழியாக வருவது. வந்தேறி ஆண் தேள் உள்ளூர்ப் பெண்ணின் இடுக்கிகளைப் பிடித்து முன்னும் பின்னும் நடத்தி, தரையில் தான் வைத்த விந்துப்பையின் மேல் இழுத்து நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் குட்டிகள் அத்தனையும் மைட்டோகாண்ட்ரியாவில் அசல் உள்ளூர்த் தேள்களே! இந்த ஒரு சோதனையை வைத்து ‘கலப்பில்லை’ என்று சொல்லவே கூடாது என்பேன்.

உட்கரு டிஎன்ஏதான் முழுக் கதையைச் சொல்லும். முதல் தலைமுறைக் குட்டியிடம் வந்தேறியின் பங்கு பாதி. அது உள்ளூர்த் தேளோடு சேர்ந்தால் கால், அப்புறம் அரைக்கால். பங்கோடு, வந்தேறி டிஎன்ஏ துண்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும். இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம் இணைகள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், வந்தேறி டிஎன்ஏ தலைமுறைக்குத் தலைமுறை சிறுசாகிக்கொண்டே போகும். நீளமான துண்டுகள் கிடைத்தால் கலப்பு அண்மையில் நடந்தது. பொடிப்பொடியாகக் கிடந்தால் பழையது.

தேள்களில் ஒரு விசேஷம் உண்டு. பியூத்திடே என்ற தேள் குடும்பத்து ஆண்களில் இந்தத் துண்டு மாற்றம் நடப்பதில்லை. ஆண் வழியாகப் போகும் துண்டு உடையாமல் முழுசாகவே குட்டிக்குப் போய்ச் சேரும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பழைய கலப்பும் புதியதாகத் தோன்றும்.

கலப்பு எப்போதும் கெடுதல் என்றில்லை. உறவுக்குள்ளேயே இணைந்து நலிந்த சிறு கூட்டத்துக்குப் புது மரபணுக்கள் வலுவூட்டலாம். ஆனாலும், அந்தத் தீவின் வறட்சிக்கும் இரைக்கும் ஏற்ப நெடுங்காலமாகத் திரண்ட மரபணுச் சேர்க்கை ஒருமுறை கரைந்தால் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால்தான், வந்தேறிகள் வருவதற்கு முன் பிடித்து அருங்காட்சியகச் சாராயப் புட்டிகளில் போட்டுவைத்த தேள்கள் எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிகின்றன. டிஎன்ஏ சிதைந்திருந்தாலும், படிக்கக் கிடைக்கும் பகுதிகளை இன்றைய தேள்களோடு ஒப்பிட்டால், எது பூர்வீகம், எது வந்தது என்று பிரித்துச் சொல்லலாம்.