மேனேஜர் வேலையிலிருந்து நெட்வொர்க்கிங்குக்கு மாறுகிறீர்களா?

போன மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஐடியில் 14 வருட அனுபவம், கடைசி ஆறு வருடம் டெலிவரி மேனேஜர். "சார், நெட்வொர்க்கிங்குக்கு மாறலாம்னு இருக்கேன். சிசிஎன்ஏ எழுதிட்டா போதுமா?" என்று கேட்டார். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வு அது. நானும் அதே வழியில் வந்தவன். போதாது என்று நேராகவே சொன்னேன்.

நான் மாறிய புதிதில் நடந்தது இது. ஒரு மாடிக்குப் புதிதாக வீலான் 40 கொடுக்க வேண்டும். ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்தான் வீலான்; பல வீலான்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பு ட்ரங்க். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 40' என்று அடித்து என்டர் தட்டினேன். 'வீலான்' என்பதற்குப் பிறகு 'ஆட்' என்று ஒரு சொல் வர வேண்டும், அதை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் ட்ரங்கில் அனுமதித்த வீலான்களின் பழைய பட்டியலோடு 40 சேராது, பட்டியலே அழிந்து 40 மட்டும் மிஞ்சும். அந்த மாடி முழுக்க இணைப்பு போனது. ஸ்விட்சைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் மேனேஜ்மென்ட் வீலானும் அதே ட்ரங்கில்தான் வந்துகொண்டிருந்தது. என் திரையும் உறைந்தது. ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன்.

சிசிஎன்ஏ பாடத்தில் ட்ரங்க் படித்திருந்தேன், தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் கை பழகவில்லை. அன்றிலிருந்து தொலைவில் இருக்கும் சாதனத்தைத் தொடும் முன் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுவேன். மாற்றத்தைச் சேமிக்காமல் சோதிப்பேன். வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் அது தானாக ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிகரேஷனுக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமிப்பேன்.

அதனால்தான் டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) வாங்கிப் படிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மனப்பாடம் செய்து பாஸ் செய்தவரை இன்டர்வியூவில் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவோம். /26 அளவுள்ள நெட்வொர்க்கில் எத்தனை கணினிக்கு முகவரி கொடுக்கலாம் என்றால் 62 என்று யோசிக்காமல் வர வேண்டும். கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். அதில் தினம் ஒரு மணி நேரம் நீங்களே கட்டுங்கள், நீங்களே உடையுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்விட்ச் இரண்டு தேடிப் பாருங்கள்.

மேனேஜராக இருந்த வருடங்கள் வீணாகாது. மாற்றத்துக்கு முன் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பும்) திட்டம் எழுதும் பழக்கம், இரவு இரண்டு மணிக்குப் பதறும் வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசும் பக்குவம், இதெல்லாம் இந்தத் துறையில் பலருக்கு எளிதில் வருவதில்லை. ஆனால் ஆரம்பத்தில் சம்பளம் குறையலாம். பெரும்பாலான மாற்றங்களை இரவில்தான் செய்ய விடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

வந்தவருக்கு ஒரு லேப் ஃபைல் கொடுத்தனுப்பினேன். இரண்டு ரவுட்டர், பிங் போகும் (ஒன்றையொன்று எட்டும்), ரவுட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் மட்டும் சேராது. ஒரு பக்கம் ஹலோ செய்தி அனுப்பும் டைமர் 10 வினாடி, மறுபக்கம் 30; இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சேரும். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார், "சார், டைமர்!" என்று. அடுத்து எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தாத லேப் ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.